ஏர் ஹாரனும் மாடியின் கைப்பிடிச்சுவரும்

வாரத் தியானம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: உபாகமம் 22:8, எண்ணாகமம் 10:1-10, ரோமர் 15:1-3



இவ்வாரத் தியானத்தின் பொருளைக் கண்டு சிலர் வியப்படையலாம். மோட்டார் சைக்கிளில் மாட்டும் ஒலிப்பானைப் பற்றிச் சபைக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வழிதப்பிய அயலான் மாட்டைப் பற்றியும், கடைக்காரரின் படிக்கல்லைப் பற்றியும், வீட்டு மாடியின் கட்டுமானத்தைப் பற்றியும் வேதம் பேசுகிறது. நாம் அன்றாடம் கையாளும் பொருள்களில் பிறர்மீது நமக்குள்ள அன்பு வெளிப்படுகிறதா என்பதே அங்கெல்லாம் கேள்வி. அந்தக் கேள்வி நம் சாலைகளுக்கும் உரியது.

நம் சபையின் வாலிபர் சிலர் டிசம்பர் விடுமுறையில் நெடும்பயண மோட்டார் சைக்கிள்களில் வால்பாறைக்குச் செல்ல ஆயத்தமாகிறார்கள். அப்பயணத்துக்கு நான் எதிரி அல்லேன். மலைகளையும் காடுகளையும் கண்டு களித்துப் பத்திரமாய்த் திரும்ப வேண்டும் என்றே ஜெபிக்கிறேன். ஆனால் எல்லா வண்டிகளிலும் ஏர் ஹாரன் பொருத்துவதென்று அவர்கள் முடிவு செய்திருப்பதாக அறிந்தேன். காரணம் வினவியபோது அவர்களில் ஒருவர், “ஐயா, உயிர் பெரியதா, சட்டம் பெரியதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கே இன்று விடை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர் ஹாரன் பொருத்துவது பாதுகாப்பின் பெயரால் நம்முடைய அச்சத்தை நம்மிலும் எளியவர் தலைமேல் ஏற்றுகிற செயல். கிறிஸ்தவர் அதைச் செய்யலாகாது. வாங்கியவர்கள் பொருத்தாதிருக்க வேண்டும். பொருத்தியவர்கள் கழற்றிவிட வேண்டும்.

வாலிபரின் நியாயம்

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைக் குறைக்காமல் எடுத்துரைப்பது கடமை. நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுபவருடைய அச்சம் கற்பனையானதன்று. கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனத்தை இயக்கி, பாட்டு கேட்டுக்கொண்டு செல்லும் கார் ஓட்டுநருக்கு வெளியுலகம் கேட்பதில்லை. லாரி ஓட்டுநரின் பக்கவாட்டில் அவர் கண்ணுக்குப் படாத பகுதி மிகப் பெரியது. அங்கே சென்றுகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் அவருக்கு இல்லாத பொருளே.

அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டார். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேறொரு வாகனத்துடன் நேர்ந்த மோதல்கள். அந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில், மற்ற வாகனத்தின் ஓட்டுநரே மோட்டார் சைக்கிளுக்குரிய வழியுரிமையை மீறியிருந்தார். ஆகவே “எங்களை அவர்கள் காண்பதில்லை” என்று நம் வாலிபர் சொல்வது மெய்யே. அவர்களைப் பார்த்து, “எல்லாம் உங்கள் வேகத்தின் பலன்” என்று பெரியோர் எளிதாகச் சொல்லிவிடுவது அநியாயம்.

ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் கூறுகிறது. ஆபத்து தோன்றியதிலிருந்து மோதல் வரைக்கும் ஓட்டுநருக்குக் கிடைத்த அவகாசம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 2 விநாடியில் 33 மீட்டரைக் கடந்துவிடுவார். அதற்குள் ஆபத்தைக் கண்டு, புரிந்து, பிரேக் பிடித்து, வண்டியைத் திருப்ப வேண்டும். அந்த வேளையில் ஒலிப்பானை அழுத்தினாலும், எதிரிலிருப்பவர் அதைக் கேட்டு, எங்கிருந்து வருகிறதென்று அறிந்து, தம் வாகனத்தை நிறுத்த அவருக்கும் அவகாசம் வேண்டுமே! உயிரைக் காப்பது பெரும்பாலும் முன்னதாகவே குறைத்துக்கொண்ட வேகமும் பிரேக்கின்மேல் ஆயத்தமாய் இருக்கும் விரலுமே.

ஒலி யாரிடம் போய்ச் சேருகிறது?

வண்டியோடு வரும் ஒலிப்பானில் ஒரு மெல்லிய தகடு மின்காந்தத்தால் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. ஏர் ஹாரனிலோ சிறு மின்மோட்டார் ஒன்று காற்றை அழுத்தி ஊதுகுழல் வழியே செலுத்துகிறது. அதன் அட்டைப்பெட்டியின்மேல் 139 டெசிபல் என்று அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. டெசிபல் என்பது சாதாரணக் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. அதேபோல், திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது.

இந்தக் கணக்கு சாலையில் என்ன செய்கிறதென்று கவனியுங்கள். நாம் யாரை எச்சரிக்க எண்ணி ஒலிப்பானை மாட்டினோமோ, அந்த லாரி ஓட்டுநர் தொலைவில், எஞ்சின் இரைச்சலின் நடுவே, உயர்ந்த கூண்டுக்குள் இருக்கிறார். கார் ஓட்டுநர் மூடிய கண்ணாடிக்குள் இருக்கிறார். ஒலி அவர்களிடம் தேய்ந்துபோய்ச் சேருகிறது. ஆனால் வண்டிக்கு இரண்டு முழத் தொலைவில் சாலையோரம் நடப்பவர், சைக்கிளில் பால் கொண்டு செல்பவர், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை ஆகியோருக்கு கண்ணாடியும் இல்லை, கூண்டும் இல்லை. அவர்கள் காதில் அது முழு வலுவுடன் விழுகிறது. ஓட்டுகிற நமக்கோ தலைக்கவசமும் காற்றின் இரைச்சலும் திரையாக அமைகின்றன. பிறர் கேட்கும் ஒலியை நாம் கேட்பதேயில்லை.

வலியவரை எச்சரிக்க வாங்கிய கருவி எளியவரையே அடிக்கிறது. இதை ஓட்டுநரின் நல்லெண்ணத்தால் மாற்ற முடியாது. ஒலியின் இயல்பு அப்படிப்பட்டது.

நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் ஞாயிறுதோறும் பிரதான சாலையின் ஓரமாக நடந்தே ஆராதனைக்கு வருவதை அறிவீர்கள். இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளின் ஏர் ஹாரன் அலறியது. அவர் திடுக்கிட்டுத் தடுமாறி வடிகாலின் விளிம்பில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. வண்டி அவரைத் தொடவேயில்லை, நிற்கவுமில்லை. ஒரு கிழவியை மோதாமல் காத்தோம் என்ற நிம்மதியோடே அந்த ஓட்டுநர் போயிருக்கக்கூடும். இப்படிப்பட்ட காயத்தை எந்த விபத்துப் பதிவேடு எழுதிக்கொள்ளும்? திடுக்கிடுவது மனித உடலின் அனிச்சைச் செயல். அறிவு அதைத் தடுக்க முடியாது. முதியவரும், நோயாளியும், முன்னால் பிள்ளையை உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டுபவரும் அந்த ஒரு கணத்தில் நிலைகுலைகிறார்கள்.

உயிரா, சட்டமா?

இப்போது அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம். உயிரும் சட்டமும் இங்கே எதிரெதிரே நிற்பதாக அவர் எண்ணுகிறார். சட்டம் சொல்வதைப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் மின் ஒலிப்பான் இருக்க வேண்டும் என்று முதலில் கட்டளையிடுகிறது. எச்சரிப்பதை அது தடுக்கவில்லை; கடமையாக்குகிறது. பின்னரே, அடுத்தடுத்துப் பல சுருதிகளில் ஒலிப்பதும், கடுமையாகவோ கிறீச்சிட்டோ மிகையாகவோ பீதியூட்டும் விதமாகவோ ஒலிப்பதும் கூடாதென்று விலக்குகிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் தனி ஒலிகளுக்கு இடமளிக்கிறது. சாலையில் எல்லாரும் அலறினால் ஆம்புலன்ஸின் அலறலை யார் பிரித்தறிவது?

ஒலி, பாதுகாப்பு ஆகியவை பற்றிய தரங்களை மீறிய வாகனத்தை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் செல்லாமற்போகும். தேவையின்றி ஒலிப்பானை அடித்தால் 194எஃப் பிரிவின்கீழ் முதன்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பொது அவசர நிலை தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஒலிப்பான் அடிப்பதையே தடுக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பில், பேச்சுரிமை உண்டென்பதற்காகக் கேட்க மனமில்லாதவரைக் கேட்கும்படி வற்புறுத்தும் உரிமை ஒருவருக்கும் கிடையாதென்று தெளிவாக்கியது. அமைதியாய் வாழ்வதை வாழ்வுரிமையின் பகுதியாகவே அது கண்டது.

ஆகவே, தம்பி, உயிரைக் காக்கவே அந்தச் சட்டம் இருக்கிறது. அது காப்பது உம்முடைய உயிரை மட்டுமன்று. அந்தத் தாயாருடைய உயிரையும் காக்கிறது. உம்முடைய கேள்வியை முழுமையாகச் சொன்னால், “என் உயிர் பெரியதா, அவர் உயிர் பெரியதா?” என்றாகிறது. அந்தக் கேள்வியைச் சிலுவையின் அடியில் நின்று கேட்க நமக்குத் துணிவு வருமா?

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். இல்லையேல் அங்கிருந்து விழுந்தவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். வீட்டுக்காரன் தன் மாடியின் விளிம்பை அறிந்தவன்; அவன் விழமாட்டான். விருந்தாளியும் அயலாரின் பிள்ளையும் விழக்கூடும். வேதத்தில் காணும் பாதுகாப்புக் கட்டளை, அறியாமல் நம் எல்லைக்குள் வந்துவிட்ட மற்றவரை எண்ணியே பிறந்தது. வண்டியின் ஒலிப்பானும் அத்தகைய சுவரே. குறுக்கே வந்துவிட்டவர் விழாதிருக்க அது மாட்டப்பட்டிருக்கிறது. அவரையே விழத்தள்ளுகிற ஒன்றைக் கைப்பிடிச்சுவர் என்று எப்படி அழைப்பது?

எக்காளத்துக்கும் ஒழுங்கு உண்டு

“எரிகோவின் மதில் எக்காளத்தால்தானே விழுந்தது?” என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். யோசுவா 6-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன். ஆசாரியர் எக்காளம் ஊதிச் சென்ற ஆறு நாளும் ஜனங்கள் வாய்திறவாதிருக்கக் கட்டளை பெற்றிருந்தார்கள். ஆர்ப்பரிப்பதற்கென ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. தவிரவும், பொள்ளாச்சிச் சாலையில் நடந்து செல்கிறவர் எரிகோவின் பகைவர் அல்லர்.

எண்ணாகமம் 10-ஆம் அதிகாரத்தின் வெள்ளிப் பூரிகைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒலித்தால் சபை முழுவதும் கூடும். ஒன்று மட்டும் ஒலித்தால் தலைவர்கள் கூடுவார்கள். பெருந்தொனி எழுந்தால் பாளயம் புறப்படும். சபையைக் கூட்டும்போது பெருந்தொனி கூடாது என்ற விலக்கும் உண்டு. கேட்பவருக்குப் பொருள் விளங்கவேண்டும், வீண் பீதி எழக்கூடாது என்பதற்காக அத்தனை ஒழுங்கு! வனாந்தரத்தில் பெருந்திரளான மக்கள் ஒருவரையொருவர் மிதித்துவிடாமல் பயணம் செய்ய அந்த ஒழுங்கு உதவியது. நம் நாட்டுச் சாலையும் ஏறத்தாழ அத்தகைய பயணமே.

“அவசரத்துக்கு மட்டும்”

“அவசர வேளையில் மட்டும் அடிப்போம்” என்பது அடுத்த நியாயம். பொருத்தும் முறையை அறிந்தவர் இதை நம்பமாட்டார். ஏர் ஹாரன் 15 முதல் 20 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கும். வண்டியின் பழைய கம்பியும் சுவிட்சும் அதைத் தாங்கா. எனவே பேட்டரியிலிருந்து தனிக் கம்பியும், தனி ஃபியூஸும், ரிலேயும் வேண்டும். வழக்கமான சுவிட்சிலேயே இணைத்தால், சிக்னலில் மெல்லத் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் அதே அலறல்தான் எழும். தனிப் பொத்தான் வைத்தாலோ, 2 விநாடி அவகாசத்தில் கட்டைவிரல் பழகிய பொத்தானையே நாடும். அல்லது புதியதைத் தேடி, பிரேக்கிலிருந்து கவனத்தைச் சிதறடிக்கும்.

சாலையோரக் கடைகளில் ரிலேயும் இல்லாமல் அவசரமாய் இணைத்துக் கொடுப்பதும் உண்டு. சில வண்டிகளில் ஒலிப்பானும் பிரேக் விளக்கும் ஒரே ஃபியூஸில் இயங்குகின்றன. ஒரு நீண்ட அலறலில் ஃபியூஸ் எரிந்தால் பின்னால் வருபவருக்கு நாம் நிறுத்துவதைக் காட்டும் விளக்கும் அணைந்துபோகும். உரத்த குரலை நாடியவர் இருந்த வெளிச்சத்தையும் இழக்கிறார்.

இவற்றிலும் ஆழமானது, அது நம் உள்ளத்தில் விளைவிக்கும் மாற்றம். ஒலிப்பானை அடித்துவிட்டவர், “நான் சொல்லிவிட்டேன், அவன் விலகட்டும்” என்று வேகத்தைக் குறைக்காமலே செல்லத் துணிகிறார். வேண்டுகோளாக இருந்தது கட்டளையாக மாறுகிறது. பிறர் நமக்காக ஒதுங்குவது பழகப்பழக, ஒதுங்காதவர்மேல் கோபம் பிறக்கிறது. வீட்டிலும் வேலையிடத்திலும் அந்தப் பழக்கம் நம்மைப் பின்தொடராதா? பலமுள்ளவர்கள் பலவீனருடைய பாரத்தைத் தாங்கவேண்டும் என்று அப்போஸ்தலன் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டிமேல் அமர்ந்திருப்பவர், நடந்து செல்கிறவருக்கு முன்பாகப் பலமுள்ளவரே. லாரிக்கு முன்னால் தாம் எளியவர் என்பதை நினைப்பவர், சைக்கிள்காரருக்கு முன்னால் தாம் லாரி என்பதையும் நினைக்கவேண்டும்.

செய்யத்தக்கவை

வெறுமனே “கூடாது” என்று சொல்லி உங்களை அச்சத்தோடு மலைக்கு அனுப்ப நான் விரும்பவில்லை. முதலாவது, வண்டியோடு வந்த ஒலிப்பானைச் சோதியுங்கள். தூசியும் துருப்பிடித்த இணைப்பும் பலவீனமான பேட்டரியும் அதன் குரலைக் குன்றச் செய்திருக்கலாம். பழுதாயின் அதே தரத்துக்கு உட்பட்ட மின் ஒலிப்பானை மாற்றிக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை.

இரண்டாவது, ஒலியால் அறியப்படுவதைவிட ஒளியால் அறியப்பட முயலுங்கள். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் இருசக்கர வண்டிகளில், எஞ்சின் இயங்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிகிறது. அதனோடு பளிச்சென்ற நிறத்தில் ஒளி பிரதிபலிக்கும் மேலாடை அணிந்தால் தொலைவிலேயே காணப்படுவீர்கள். ஒருவர் காதும் வலிக்காது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்று அறிந்து, பின்வாங்கிக் காத்திருங்கள்.

மூன்றாவது, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மறைவான வளைவில் ஒருமுறை சுருக்கமாக ஒலிப்பது கடமை. அதற்கு உங்கள் சாதாரண ஒலிப்பானே போதும். இறங்கி வரும்போது ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள். அவ்வழியில் வரையாடுகள் பாறைமேல் நிற்கும். வால்பாறையை அடுத்த தோட்டங்களில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவற்றைப் படைத்தவர் அவற்றுக்குக் கொடுத்த இடத்தில் நாம் விருந்தினர். எஞ்சினைத் தணித்து நின்றால் அவை தாமே கடந்துபோகும்.

இதை வாசித்து, “நன்றாகச் சொன்னார் போதகர்” என்று தலையசைக்கும் பெரியோருக்கும் ஒரு சொல். ஆராதனை முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் ஆலய வாசலில் கார்களிலிருந்து எழும் ஒலிகளை அந்தத் தெருவார் அனைவரும் கேட்கிறார்கள். ஆசீர்வாதத்தை மெல்லிய குரலில் பெற்றுக்கொண்டு, சாலையில் நெருக்கும் குரலோடு இறங்குகிறோம். அதிகாலையில் உரத்த சத்தத்தோடு அயலானை வாழ்த்தினால் அந்த வாழ்த்தும் சாபமாகக் கருதப்படும் என்ற கருத்து நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரத்தில் உண்டு. வாழ்த்துக்கே அந்த நிலை என்றால், “விலகு” என்ற கூச்சலின் நிலை என்ன? வாலிபர் கழற்றவேண்டியது ஒரு கருவி. நாம் விட்டுவிட வேண்டியது ஒரு பழக்கம். பின்னது கடினம். ஆதலால் நாமே முதலில் தொடங்குவோம்.

வால்பாறைக்குச் செல்லும் பிள்ளைகளே, புறப்படும் நாளில் அதிகாலை ஐந்தரை மணிக்கு ஆலய வளாகத்தில் கூடுங்கள்; உங்களுக்காக ஜெபித்து அனுப்புவேன். வாங்கிய ஏர் ஹாரன்களைத் திருப்பிக் கொடுத்துக் கிடைக்கும் பணத்தில் ஒளி பிரதிபலிக்கும் மேலாடைகளை வாங்கிக்கொள்ளுங்கள். வளாகத்திலிருந்து பிரதான சாலைக்குச் செல்லும் தெருவில் அந்நேரம் பலர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விழித்துக்கொள்ளாதபடி புறப்படுங்கள்.

ஜெபம்: எங்கள் வழிகளைக் காக்கிற கர்த்தாவே, சாலையில் எங்களுக்கு உண்டாகும் பயத்தை நீர் அறிவீர். அந்தப் பயத்தைப் பிறர்மேல் சுமத்தாதபடி எங்கள் கைகளைக் காத்தருளும். நடந்து செல்கிறவரையும் முதியோரையும் குழந்தைகளையும் எங்கள் கண்கள் முன்னதாகவே காணச் செய்யும். காயமுற்ற எங்கள் தாயாருக்குப் பூரண சுகம் தாரும். பயணம் செல்லும் எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ப் பத்திரமாய்த் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.